யூதர்களைப் பத்தி சின்ன வயசுல மனசுல ஏறின படம்: அது எங்கேர்ந்து வந்துச்சு, எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது – முழுமையான வழிகாட்டி

நம்மள்ல முக்கால்வாசிப் பேர் வாழ்க்கையில ஒரு யூதரைக்கூட நேர்ல பார்த்திருக்க மாட்டோம். ஆனா "யூதர்"னு சொன்ன உடனே மனசுல ஏதோ ஒரு உருவம் வந்து நிக்குது பாருங்க, சிலருக்கு அது கத்தியைத் தீட்டிக்கிட்டு நிக்கிற வட்டிக்காரக் கிழவன், சிலருக்கு பெரிய வெள்ளிக்கிழமை கோவில்ல கேட்ட "சிலுவையில் அறையும்"னு கத்துற கூட்டம், இன்னும் சிலருக்கு உலக பேங்க்கையெல்லாம் திரைக்குப் பின்னாடி இருந்து ஆட்டி வைக்கிற ஆளு. ஆளையே பார்க்காம அபிப்பிராயம் மட்டும் எப்படி வந்து உட்கார்ந்துச்சு?

இது நம்ம ஊர் விசித்திரம்னு நினைக்காதீங்க. இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் 1290ல யூதர்களை மொத்தமா நாட்டை விட்டே துரத்திட்டார், 1656 வரைக்கும் அவங்க வெளிப்படையா யூதரா அங்க வாழவே முடியல. அந்த நடுக் காலத்துலதான் ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒரு ஏழு வயசுப் பையனை யூதர்கள் கழுத்தறுத்துக் கொல்ற கதையை எழுதுறார், ஷேக்ஸ்பியர் 'வெனிஸ் வணிகன்' நாடகத்துல ஷைலாக்ங்கிற வட்டிக்கார யூதரை மேடையில ஏத்துறார். பார்க்க வந்த ஜனம் யூதரோட பேசினதும் கிடையாது, கடன் வாங்கினதும் கிடையாது, ஆனா கதை அவங்களுக்கு அப்படியே புரிஞ்சுது.

என்னைக் கேட்டா பிரச்சனையோட வேர் இதுதான்: ஆளுக்கு முன்னாடியே படம் வந்துடுது. பின்னாடி நிஜமான ஆளு வந்தாலும் படம் மாறுறதில்ல, அந்த ஆளை மட்டும் "இவர் வேற மாதிரி"னு தனியா ஒதுக்கி வச்சுட்டு படத்தை அப்படியே வச்சுக்கிறோம். கீழ இருக்கிற படிகள் எல்லாம் இந்தப் படத்தைப் பிடிச்சு வெளிய எடுத்துப் பார்க்கிறதுக்குத்தான். தனக்காகவும் செய்யலாம், பிள்ளை வளர்க்கிறவங்க, கிளாஸ் எடுக்கிறவங்க, ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறவங்களும் எடுத்துக்கலாம்.

படி 1: கூகிள் பண்றதுக்கு முன்னாடி எழுதுங்க

ஒரு பேப்பர் எடுத்து "யூதர்"னு எழுதி, அடுத்து மனசுல என்னென்ன வருதோ அதை அப்படியே எழுதுங்க. மூக்கு, தாடி, பணம், தந்திரம், புத்திசாலி, ஹிட்லர், இஸ்ரேல், யூதாஸ், எது வந்தாலும். அழகுபடுத்தாதீங்க, யாரும் படிக்கப் போறதில்ல. நல்ல விஷயம் மாதிரி தெரியுறதையும் விடாதீங்க, "யூதர்னாலே மூளைக்காரங்க"ங்கிறதும் லிஸ்ட்ல வரணும், அதுக்கு அப்புறம் வருவோம். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அது எந்த வயசுல வந்துச்சுன்னு தோராயமா போட்டுக்கங்க. அவ்வளவுதான் இந்தப் படி.

படி 2: யார் கொடுத்தாங்கன்னு தேடுங்க

இங்கதான் கொஞ்சம் நின்னு வேலை செய்யணும், ஏன்னா ஒரே இடத்துலேர்ந்து வர்ற படம் பெரும்பாலும் நிக்காது, மூணு நாலு இடத்துலேர்ந்து ஒரே படம் வரும்போதுதான் அது கெட்டியாகுது. இதுக்கு எனக்குத் தெரிஞ்ச ரொம்ப நேர்மையான சாட்சி ஜெர்மன் கவிஞர் கதே. 1749ல பிராங்க்ஃபர்ட்ல பிறந்தவர், 1811ல வெளிவந்த தன் சுயசரிதையோட முதல் பாகத்துல, சின்னப் பையனா இருந்தப்போ ஊர்ல இருந்த யூதர் தெரு தனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கார். அதை உடைச்சுப் பார்த்தா நாலு சரக்கு இருக்கு.

ஒண்ணு, கண்ணால பார்த்தது: குறுகலான தெரு, அழுக்கு, நெரிசல், காதுக்குப் பழகாத பேச்சு. ரெண்டு, புத்தகம்: வீட்ல இருந்த ஒரு பழைய சரித்திரப் புத்தகத்துல, யூதர்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளைக் கொடுமை பண்றதா பயங்கரமான படங்கள். மூணு, வாய்வழிக் கதைகள், அதே கொடுமைக் கதைகள்தான். நாலாவதுதான் முக்கியம்: ஊர்ப் பாலத்து கோபுர வளைவுக்குக் கீழ யூதர்களைக் கேவலப்படுத்துற ஒரு பெரிய சுவரோவியம். மத்த எதையும் விட அது ஏன் பலமா சாட்சி சொல்லுச்சுன்னா, யாரோ போக்கிரி கிறுக்கினது இல்ல, ஊர் நிர்வாகமே வரைய வச்சது அப்படின்னு அவரே சொல்றார். ஒரு பிள்ளைக்கு சுவத்துல இருக்கிற படம் பொய்யா இருக்கும்னு தோணுமா? பெரியவங்க எல்லாரும் தினம் அதைத் தாண்டிப் போறாங்க, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. அந்த மௌனமும் ஒரு பாடம்தான்.

அந்த ஓவியத்துல ஒரு குழந்தையும் இருந்துச்சு, அது ட்ரெண்ட்ங்கிற இத்தாலிய ஊர்ப் பையன் சைமன். 1475ல அவன் செத்துக் கிடந்தப்போ பழி யூதர்கள் மேல விழுந்துச்சு, சித்ரவதை பண்ணி வாக்குமூலம் வாங்கி ஆண்களைக் கொன்னாங்க, பையனை புனிதர் மாதிரி கும்பிட ஆரம்பிச்சாங்க. கத்தோலிக்கத் திருச்சபை அந்த வழிபாட்டை நிறுத்தினது 1965ல. நடுவுல எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்திருக்கும்னு யோசிச்சுக்கங்க.

உங்க லிஸ்ட்டுக்கும் இதே நாலு கேள்வி போடுங்க. நேர்ல பார்த்ததா, படிச்சதா, யாராவது சொன்னதா, இல்ல பள்ளிக்கூடம், கோவில், டிவி மாதிரி பெரிய இடத்துலேர்ந்து வந்ததா? நம்ம ஊர்க்காரங்களுக்கு முதல் வரி பெரும்பாலும் காலியாத்தான் இருக்கும். அந்தக் காலியிடத்தைக் கொஞ்ச நேரம் பாருங்க.

படி 3: பிள்ளைக்குக் காட்டாம விட்டது என்னன்னு கேளுங்க

கதே பார்த்த அழுக்கும் நெரிசலும் பொய் இல்ல. ஆனா அந்தத் தெரு எப்படி அப்படி ஆச்சு? 1462ல நகர நிர்வாகம் யூதர்கள் எல்லாரையும் அந்த ஒரு தெருவுக்குள்ள போகச் சொல்லிக் கட்டாயப்படுத்துச்சு. நீளம் 300 மீட்டர் சொச்சம், ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையிலயும் கேட்டைப் பூட்டிடுவாங்க. ஜனம் பெருகிப் பெருகி ஒரு கட்டத்துல கிட்டத்தட்ட 3000 பேர், தெருவை அகலமாக்க அனுமதி இல்ல, வீட்டுக்குள்ளயே வீடு கட்டிக்கிட்டு இருந்தாங்க. வெளிய நின்னு பார்க்கிற பையனுக்கு அழுக்கு தெரியும், பூட்டு தெரியாது. "இவங்க இப்படித்தான்"னு முடிவு கட்டுறது எவ்வளவு சுலபம் பாருங்க.

வட்டிக்காரர் படத்துக்கும் இதே சோதனைதான். இடைக்கால ஐரோப்பாவுல கிறிஸ்தவன் கிறிஸ்தவன்கிட்ட வட்டி வாங்கக் கூடாதுன்னு திருச்சபைத் தடை, இன்னொரு பக்கம் பல இடத்துல யூதர்களுக்கு நிலம் கிடையாது, கைவினைஞர் சங்கத்துல இடம் கிடையாது. அப்புறம் என்ன மிஞ்சும்? ராஜாக்களும் அவங்களை வட்டிக்கு விட விட்டு, பிறகு வரியா உறிஞ்சிக்கிட்டாங்க, கடன்காரனோட கோபம் மட்டும் யூதர் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். 1190ல யார்க் நகரத்துல கூட்டம் யூதர்களை ஒரு கோட்டைக்குள்ள முற்றுகை போட்டு, அங்க இருந்தவங்க எல்லாரும் செத்த பிறகு அடுத்து எங்க போச்சு தெரியுமா? நேரா பெரிய தேவாலயத்துக்குப் போய் அங்க பத்திரமா வச்சிருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்துச்சு. இந்த ஒரு சம்பவத்தை ஷைலாக் பாடத்தோட சேர்த்துச் சொல்லியிருந்தா நம்ம படம் வேற மாதிரி இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது. அது போக, பெரும்பாலான யூதர்கள் வட்டிக்காரங்களே இல்ல, தையல்காரர், தெருத்தெருவா மூட்டை தூக்கி விக்கிறவர், சத்திரம் நடத்துறவர்னு வயித்துப் பாட்டைப் பார்த்தவங்க.

படி 4: படம் எவ்வளவு ஆழம் போகும்னு தெரிஞ்சுக்கங்க

சின்ன வயசு விஷயம்தானே, வளர்ந்தா போயிடும்னு நினைக்கிறவங்களுக்காக இந்தப் படி. நாஜிகள் இதைத் தெரிஞ்சேதான் பண்ணாங்க. 1938ல நாஜிப் பிரச்சாரகர் யூலியுஸ் ஸ்ட்ரைஷரோட பதிப்பகம் 'விஷக் காளான்'னு குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் போட்டுது. முதல் கதையில அம்மாவும் பையனும் காட்டுல காளான் பறிக்கிறாங்க, நல்ல காளான் மாதிரியே விஷக் காளானும் இருக்கும், மனுஷங்கள்லயும் அப்படித்தான், யூதர்கள்தான் விஷக் காளான்னு அம்மா பொறுமையா விளக்குறா. இன்னொரு கதையில வகுப்பறை, ஒரு பையன் கரும்பலகையில 6 போட்டு யூதர் மூக்கு இப்படித்தான் இருக்கும்னு காட்டுறான், வாத்தியார் பாராட்டுறார். கவனிச்சீங்களா, மிரட்டலே இல்ல. அம்மா, காடு, வகுப்பு, வாத்தியார் கொடுக்கிற சபாஷ், ஒரு பிள்ளை நம்புற எல்லாமே அதுக்குள்ள இருக்கு. போருக்கப்புறம் நாஜித் தலைவர்கள் மேல நடந்த நூரம்பெர்க் விசாரணையில அந்தப் புத்தகமே ஸ்ட்ரைஷருக்கு எதிரான சாட்சியமாச்சு, 1946ல அவரைத் தூக்குல போட்டாங்க.

புத்தகம் போட்டவர் போயிட்டார், படிச்ச பிள்ளைகள்? நிக்கோ ஃபோய்க்ட்லாண்டர், ஹான்ஸ்-யோஆகிம் ஃபோத்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 1996லயும் 2006லயும் ஜெர்மனியில எடுத்த சர்வேக்களை வச்சு 2015ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 1930கள்ல பிறந்தவங்ககிட்ட, அதாவது நாஜிப் பள்ளிக்கூடத்துல படிச்ச தலைமுறைகிட்டதான், அந்தத் தலைமுறைக்கு முன்னாடியும் பின்னாடியும் பிறந்தவங்களை விட யூத வெறுப்பு கூடுதலா இருந்துச்சு. ஆட்சி கவுந்து அரை நூற்றாண்டு தாண்டின பிறகும். இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் முக்கியமா படுது: ஹிட்லருக்கு முன்னாடியே, 1890கள்லேர்ந்து யூத எதிர்ப்புக் கட்சிகளுக்கு ஓட்டு நிறைய விழுந்த பகுதிகள்லதான் பள்ளிக்கூடப் பாடம் நல்லா வேரூன்றுச்சு. வீட்லயும் ஊர்லயும் ஏற்கெனவே முணுமுணுத்ததை வகுப்பு உறுதிப்படுத்துனா பிள்ளைக்கு சந்தேகமே வராது.

அப்போ நல்ல பிள்ளைகளை யாரோ கெட்டவங்க வந்து கெடுத்தாத்தான் இப்படி ஆகும்னு நினைச்சா அதுவும் சரியில்ல. ஹென்றி தாஜ்ஃபெல்னு ஒரு உளவியலாளர், போலந்து யூதர், பிரெஞ்சு ராணுவத்துல சேர்ந்து ஜெர்மன்காரங்ககிட்ட போர்க் கைதியா இருந்து உயிர் பிழைச்சவர், திரும்பி வந்தப்போ குடும்பத்துல கிட்டத்தட்ட எல்லாரையும் கொன்னுட்டாங்க. அவர் பிறகு இங்கிலாந்துல பிரிஸ்டல் பள்ளிப் பையன்களை வச்சு சோதனை பண்ணி 1970ல வெளியிட்டார். அர்த்தமே இல்லாத காரணம் சொல்லி, உதாரணத்துக்கு ஸ்க்ரீன்ல புள்ளிகளை எண்ணச் சொல்லி, ரெண்டு குழுவா பிரிச்சு, காசு பங்கிடச் சொன்னார். காசு வாங்குறவன் எந்தக் குழுன்னு மட்டும்தான் தெரியும், யாருன்னு தெரியாது. அப்பவும் பையன்கள் தன் குழுவுக்கு சாதகமாப் பிரிச்சாங்க, சில சமயம் தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல, அடுத்த குழுவை விட வித்தியாசம் பெருசா இருக்கணும்னு பார்த்தாங்க. கோடு கிழிக்கிற பழக்கம் பிள்ளைகிட்ட முன்னாடியே தயாரா இருக்கு. யாரை அந்தப் பக்கம் நிறுத்துறதுன்னு சொல்லிக் கொடுக்கிறது பெரியவங்க வேலை.

படி 5: "இவர் மட்டும் வேற"ங்கிற வார்த்தையைப் பிடிங்க

ஒரு நல்ல யூதரை சந்திச்சா எல்லாம் சரியாயிடும்னு நிறைய பேர் சொல்வாங்க. பாதிதான் உண்மை. 1943 அக்டோபர்ல போசென் நகரத்துல நாஜிகளோட எஸ்எஸ் படைத் தளபதிகள் முன்னாடி அந்தப் படையோட தலைவன் ஹிம்லர் பேசினப்போ ஒரு புகார் மாதிரி சொன்னான்: 8 கோடி ஜெர்மானியர்ல ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நல்ல யூதன் இருக்கான், மத்தவன் எல்லாம் பன்னி, இவன் மட்டும் முதல் தரம்னு வந்து நிக்கிறாங்களேன்னு. அதாவது தெரிஞ்ச யூதர் எல்லாருக்கும் நல்லவராத்தான் இருந்திருக்கார், ஆனாலும் படம் அசையவே இல்ல.

அல்ஃபோன்ஸ் ஹெக்னு ஒருத்தர், 1928ல பிறந்தவர், விட்லிஷ்ங்கிற சின்ன ஊர்ல பாட்டி பண்ணையில வளர்ந்தவர். சின்ன வயசுல யூதப் பையன் ஒருத்தன்தான் நெருங்கின கூட்டாளி. பத்து வயசுல ஹிட்லர் சிறுவர் படையில சேர்ந்து பெரிய பொறுப்பு வரைக்கும் போனார். பின்னாளில் அமெரிக்காவுல குடியேறி, ஆஷ்விட்ஸ்ல உயிர் பிழைச்ச ஹெலன் வாட்டர்ஃபோர்டோட ஒரே மேடையில ஊர் ஊரா போய்ப் பேசினார். அவர் சொன்னதுல எனக்கு மறக்க முடியாதது: யூதர்களைப் பிடிச்சுட்டுப் போனப்போ, இது என்ன அநியாயம்னு அவருக்குத் தோணல, ஐயோ நம்ம கூட்டாளி யூதனாப் பிறந்துட்டானேன்னுதான் தோணுச்சாம்.

அதனால செய்ய வேண்டியது: ஒரு யூதரைப் பத்தி, அது எழுத்தாளரோ விஞ்ஞானியோ ஆபீஸ் ஃபோன் கால்ல வர்ற கிளையண்ட்டோ, "ஆனா இவர் நல்லவர்"னு மனசு சொன்னா அந்த "ஆனா" எதுக்கு வந்துச்சுன்னு கேளுங்க. படி 1ல எழுதின பேப்பர்ல பதில் இருக்கும்.

படி 6: பழைய கதைகளைத் தூக்கிப் போட வேண்டாம், திருத்திச் சொல்லுங்க

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது நேரடியா பொருந்தும். புனித வெள்ளி அன்னைக்கு யோவான் எழுதின, இயேசு பட்ட பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது "யூதர்கள்"ங்கிற சொல் திரும்பத் திரும்ப வரும், பிள்ளை காதுல விழுறது "யூதர்கள் சேர்ந்து இயேசுவைக் கொன்னுட்டாங்க" அவ்வளவுதான். பிள்ளைகிட்ட மூணே விஷயம் சொன்னா போதும். இயேசு யூதர், மரியாளும் பேதுருவும் யூதர்கள். சிலுவைங்கிறது ரோமானிய தண்டனை, தீர்ப்பு சொன்ன பிலாத்து ரோமானிய ஆளுநர். அப்புறம், அந்தப் பாடுகளுக்கு அன்னைக்கு இருந்த எல்லா யூதர் மேலயும் இன்னைக்கு இருக்கிற யூதர் மேலயும் பழி போடக் கூடாதுன்னு கத்தோலிக்கத் திருச்சபையோட இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965 அக்டோபர் 28ல அறிவிச்சிருக்கு. ஜெர்மனியில ஓபராமெர்காவ்ங்கிற கிராமம் 1634லேர்ந்து பாடுகளின் நாடகம் போடுது, ஹிட்லரே போய் பார்த்து சிலாகிச்ச நாடகம் அது, அவங்களே வசனத்தைத் திருத்தி, "இவன் ரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும்"ங்கிற வரியை 2000ல எடுத்துட்டாங்க. நாடகம் இன்னும் நடக்குது, கூட்டமும் குறையல. நம்ம ஊர்ல தவக்காலத்துல பாஸ்கா, அதாவது இயேசுவோட பாடுகளின் நாடகம் போடுறவங்க, கூட்டத்துல கத்துறவனுக்கு மட்டும் கோணல் மூக்கும் விகாரமான வேஷமும் போடுற பழக்கம் இருந்தா அதை நிறுத்தலாம்.

நாவல்கள் பக்கம் வந்தா ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் கதை சுவாரசியமானது. 'ஆலிவர் ட்விஸ்ட்'ல வர்ற திருட்டுக் கூட்டத் தலைவன் ஃபேகினை பெயரை விட "அந்த யூதன்"னுதான் அதிகமா கூப்பிட்டிருப்பார். 1863ல எலைசா டேவிஸ்ங்கிற யூதப் பெண்மணி, டிக்கன்ஸ்கிட்டயிருந்து வீடு வாங்கினவரோட மனைவி, இது எங்க மொத்த ஜனத்துக்கும் செஞ்ச அநியாயம்னு கடிதம் எழுதினாங்க. முதல்ல டிக்கன்ஸ் சாக்குப் போக்கு சொன்னார், அப்புறம் அடுத்த நாவல்ல ரியாங்கிற நல்ல யூதரைப் படைச்சார், 1867 பதிப்புல ஃபேகின் வர்ற பின்பகுதி அத்தியாயங்கள்ல "யூதன்"ங்கிறதை நிறைய இடத்துல எடுத்துட்டு பெயரைப் போட்டார். என் கணக்குல ரியா பெருசா வேலை செய்யல, யாருக்கும் ஞாபகம் இல்ல, அவ்வளவு நல்லவரை யார் நம்புவா. பெயர் மாத்தினதுதான் நிஜமான திருத்தம், ஏன்னா அப்போ திருடன் ஃபேகினா ஆகுறான், ஒரு ஜனமா நிக்கிறதில்ல.

படி 7: காலி பண்ணின இடத்துல நிஜ ஆட்களை வைங்க

கெட்ட படத்தை எடுத்துட்டு நல்ல படத்தை வச்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. நம்ம ஃபேமிலி குரூப்ல சுத்துதே, யூதப் பெண்கள் கர்ப்பமா இருக்கும்போது கணக்கு போடுவாங்க, அதனாலதான் பிள்ளைகள் எல்லாம் ஜீனியஸ்னு, அதுவும் அதே சரக்குதான், உறை மட்டும் வேற. இன்னைக்கு "எல்லாரும் புத்திசாலி"ன்னா நாளைக்கு "அதான் உலகத்தையே ஏமாத்துறாங்க"ன்னு மாறுறதுக்கு ஒரு நிமிஷம் போதும்.

அதுக்குப் பதிலா தனித்தனி ஆட்கள். கொங்கணக் கரையில பெனே இஸ்ரேல் யூதர்கள் தலைமுறை தலைமுறையா எண்ணெய் செக்கு ஓட்டினவங்க, சனிக்கிழமை செக்கு ஓடாதுங்கிறதால ஊர்க்காரங்க அவங்களை சனிவாரத் தேலி, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரங்கன்னு கூப்பிட்டாங்க. கவிஞர் நிஸ்ஸிம் எசெக்கியேல் அந்த சமூகத்துக்காரர்தான். 1971 டிசம்பர்ல டாக்காவுல பாகிஸ்தான் படையோட சரணடைவைப் பேசி முடிச்ச இந்திய ராணுவ ஜெனரல் ஜேக்கப் கல்கத்தா யூதர். கொச்சி மட்டாஞ்சேரிக்கு டூர் போறவங்க 1568ல கட்டின தொழுகைக்கூடத்தைப் பார்க்காம வராதீங்க, முடிஞ்சா பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க. செக்கு ஓட்டினவங்களை வட்டிக்காரன் படத்துக்குள்ள எப்படித் திணிப்பீங்க?

கதேவும் கடைசியில அதைத்தான் செஞ்சார், பயந்துக்கிட்டே இருந்த தெருவுக்குள்ள போனார், தொழுகைக்கூடத்துக்குப் போனார், கல்யாணம், விருத்தசேதனம் எல்லாம் பார்த்தார், எங்க போனாலும் நல்லா வரவேற்று, மறுபடி வாப்பான்னு கூப்பிட்டாங்கன்னு எழுதியிருக்கார். ஒருத்தர் ரெண்டு பேரை மட்டும் தெரிஞ்சுக்கிட்டு நிறுத்தாம, வீடு, சடங்கு, பண்டிகைன்னு அவங்க வாழ்க்கையையே போய்ப் பார்த்ததால அவருக்கு அது விதிவிலக்குல முடியல.

படி 8: பிள்ளைகள் கேட்கும்போது

காஸா செய்தி ஓடும்போது பிள்ளை "யூதங்க ஏம்பா குண்டு போடுறாங்க?"ன்னு கேட்கும். அந்த இடத்துல "யூதங்க"ங்கிறதை "இஸ்ரேல் அரசாங்கம், அதோட ராணுவம்"னு மாத்திச் சொல்லிட்டு, பிறகு கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லுங்க. அரசாங்கத்தை விமர்சிக்கலாம், கோபப்படலாம், செத்த பிள்ளைகளுக்காக அழலாம். நியூயார்க்ல பேக்கரி வச்சிருக்கிற யூதர் அதுக்குக் கணக்கு சொல்ல வேண்டியதில்ல. ஒரு நாட்டுக்காரங்க செஞ்சதுக்கு அந்த மதத்துக்காரங்க எல்லாரையும் பிடிக்கிறது எவ்வளவு அபத்தம்னு நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்கிறது கஷ்டமே இல்ல.

"அப்படியெல்லாம் பேசக் கூடாது"ன்னு மட்டும் சொல்லி வாயை அடைக்காதீங்க, பிள்ளை வெளிய பேசாம உள்ள வச்சுக்கும். யார் சொன்னா, எங்க பார்த்தேன்னு சாதாரணமா கேளுங்க. தாத்தாதான் சொன்னார்னா தாத்தாவை வில்லன் ஆக்க வேண்டாம், தாத்தாவுக்கும் யாரோ சொன்னதுதான்.

வகுப்புல ஷைலாக் நடத்துற டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேரா கோர்ட் சீனுக்குப் போயிடாதீங்க. முதல் அங்கம் மூணாவது காட்சியை முதல்ல சத்தமா வாசிக்க வைங்க, கடன் கேட்டு வர்ற வணிகன் அன்டோனியோ தன்னை நாய்னு திட்டினதையும் தாடியில துப்பினதையும் ஷைலாக் சொல்லிக்காட்டுற இடம், அதுக்கு அன்டோனியோ மறுக்காம, இனிமேலும் அப்படித்தான் துப்புவேன்னு சொல்ற இடம். யார் முதல்ல யாரை என்ன பண்ணாங்கன்னு பிள்ளைகளையே போர்டுல வரிசையா எழுதச் சொல்லுங்க, யார்க்ல எரிஞ்ச கடன் பத்திரத்தையும் அதே வகுப்புல சொல்லிடுங்க, கோர்ட் சீன் அடுத்த பீரியட்ல வரட்டும்.